தொதானும் யூஜெனியும்: ஒரு பிரெஞ்சுச் சமையலறைக் காதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'த டேஸ்ட் ஆஃப் திங்ஸ்' படத்தைப் பாருங்கள் என்று தெரிந்தவர்களையெல்லாம் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தவர்களும் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில். கதையின் முடிவு கடைசிக் கேள்வியில் மட்டும் வருகிறது. வேண்டாதவர்கள் அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

இது என்ன படம்? யார் எடுத்தது?

2023-ல் வந்த பிரெஞ்சுப் படம். எழுதி இயக்கியவர் ட்ரான் ஆன் ஹுங், வியட்நாமில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். 1993-ல் வந்த அவருடைய முதல் முழுநீளப் படத்தில் ஒரு வேலைக்காரச் சிறுமி பச்சைப் பப்பாளியைச் சீவிக்கொண்டிருப்பாள். அந்தப் படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் அறிமுக இயக்குநருக்கான தங்கக் கேமரா விருது கிடைத்தது. முப்பது வருடம் கழித்து, மறுபடி ஒரு சமையலறையை எடுத்துக்கொண்டு அதே கானுக்குப் போனார். இந்த முறை சிறந்த இயக்குநர் விருது. ஒளிப்பதிவு ழொனத்தான் ரிக்கெபூர். முதன்மைப் பாத்திரங்களில் ஜூலியட் பினோஷும் பெனுவா மஜிமெலும். ஓடும் நேரம் இரண்டே கால் மணி.

பிரெஞ்சுத் தலைப்பு 'லா பாசியோன் தெ தொதான் பூஃபான்'. 'பாசியோன்' என்றால் தீராத ஆசை. காதல் வெறி என்றும் சொல்லலாம். ஏசு சிலுவையில் பட்ட பாட்டுக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். மூன்று பொருளும் படத்துக்குப் பொருந்துகிறது. 'பூஃபே' என்பது பேச்சுப் பிரெஞ்சில் வயிறு முட்டத் தின்பதற்கான சொல். கதாநாயகனின் குடும்பப் பெயரில் அந்தக் கிண்டலும் ஒலிக்கிறது. ஆங்கிலத் தலைப்பில் இதெல்லாம் ஆவியாகப் போய்விட்டது.

கதையை இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

1880-களின் பிரான்ஸ், கிராமத்தில் ஒரு பெரிய வீடு. வசதியும் ஓய்வும் உள்ள உணவு ரசிகர் தொதான். அவர் மனத்தில் தோன்றும் உணவைத் தட்டுக்குக் கொண்டுவருபவர், இருபது வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் சமைக்கும் யூஜெனி. இருவரும் காதலர்கள். தொதான் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், யூஜெனி நழுவிக்கொண்டே இருக்கிறார். அப்புறம் யூஜெனிக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது.

இரண்டு வரியில் முடிந்திருக்க வேண்டும், கொஞ்சம் கூடிவிட்டது. கதையாக இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. வில்லன் கிடையாது, சண்டை கிடையாது, மூன்றாவது ஆள் கிடையாது.

முதல் அரை மணி நேரம் சமைத்துக்கொண்டே இருக்கிறார்களாமே? அலுக்காதா?

ஆமாம், அரை மணிக்கும் மேல். விடியலில் தோட்டத்தில் காய் பறிப்பதில் தொடங்கி, நண்பர்கள் விருந்து முடிந்து எழுந்திருக்கும் வரை ஒரே மூச்சு. அலுக்குமா அலுக்காதா என்பது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. நல்ல சமையல்காரர் ஒருவர் வேலை செய்வதைச் சமையலறை வாசலில் சாய்ந்து நின்று பார்த்தபடி நேரம் போனது தெரியாமல் இருந்திருக்கிறீர்களா? அப்படியானால் அலுக்காது.

அந்த அரை மணியில் என்னென்ன வருகிறது என்று கவனித்தால் ரசனை கூடும். முதலில் கொன்சொமே எனப்படும் தெளிந்த சாறு. இறைச்சியும் காயும் வெந்த கலங்கல் நீரில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து மெல்லச் சூடாக்குகிறார்கள். வெள்ளைக்கரு உறையும்போது மிதக்கும் துகள்களையெல்லாம் வலைபோட்டு இழுத்துக்கொண்டு மேலே வந்து மிதவையாக நிற்கும். கீழே இருப்பது தேநீர் மாதிரி தெளிந்து கிடக்கும். அடுத்து வொல்-ஓ-வான்: வெண்ணெயும் மாவும் அடுக்கடுக்காக மடித்த கூடு, உள்ளே நன்னீர் இறால் போன்ற சிற்றுயிர்களும் குழம்பும். காற்றில் பறப்பது என்று பெயருக்குப் பொருள், அவ்வளவு லேசு. பிறகு பாலில் வேகவைத்த டர்பட் என்னும் பெரிய தட்டை மீன். அந்த மீனின் வடிவத்துக்கென்றே சாய்சதுரமாகச் செய்த செம்புப் பாத்திரம் இருக்கிறது, அதை மட்டும் பார்த்தாலே அந்தச் சமையலறை எந்த ரகம் என்று புரிந்துவிடும். கன்றுக்குட்டி இறைச்சி, லெட்யூஸ் கீரை. கடைசியில் ஒரு ஐஸ்கிரீம் வித்தை. அது தனிக் கேள்வியாகக் கீழே வருகிறது.

இதையெல்லாம் யாரும் நமக்கு விளக்குவதில்லை. யூஜெனி, தொதான், உதவிக்கு வியோலெட், அன்றைக்குப் புதிதாக வந்திருக்கும் அவளுடைய உறவுக்காரச் சிறுமி போலின், இந்த நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நகர்கிறார்கள். கேமராவும் ஐந்தாவது ஆளாக அவர்களோடு சுற்றுகிறது. யார் எப்போது எதை நீட்டுவார்கள் என்று கேட்காமலே கை நீள்கிறது. இருபது வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள் என்று வசனத்தில் சொல்வதற்கு முன்பே அந்த நடமாட்டம் சொல்லிவிடுகிறது.

காதல் படம் என்கிறீர்கள். காதல் எங்கே இருக்கிறது?

இப்போது சொன்ன அந்த நகர்வில்தான். தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, கணவனுக்குப் பரிமாறிய பெண்ணைச் சங்கப் பாட்டில் படித்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். அந்தப் பாட்டில் அவள் சமைக்கிறாள், அவன் 'இனிது' என்கிறான். இந்தப் படத்தில் ஒரு கட்டத்தில் இடம் மாறுகிறது. உடம்பு முடியாமல் இருக்கும் யூஜெனிக்காகத் தொதான் தன் கையாலேயே ஒரு முழு விருந்து சமைக்கிறார். யூஜெனி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், தொதான் எதிரே இருந்து பார்க்கிறார். முத்தக்காட்சியைவிட நெருக்கமான காட்சி அது. கோழித் தோலுக்கு அடியில் கறுப்பு ட்ரஃபிள் காளானை வில்லை வில்லையாகச் செருகுகிறார். வெள்ளைத் தோலின் வழியே கறுப்பு தெரியும். பிரெஞ்சுச் சமையலில் இந்தப் பக்குவத்துக்கு 'அரைத் துக்கம்' என்று பெயர், துக்கம் காக்கும் காலத்தின் பிற்பகுதியில் உடுத்தும் கறுப்பு வெள்ளை உடையை நினைத்து வைத்தது. இயக்குநர் அதை யோசித்து வைத்தாரோ இல்லையோ, இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தக் கோழி என்னை என்னவோ செய்தது.

இனிப்போடு மோதிரம் வருகிறது. அவித்த பேரிக்காய் ஒன்றின் வளைவிலிருந்து, முதுகு காட்டிப் படுத்திருக்கும் யூஜெனியின் வளைவுக்குப் படம் தாவுகிறது. பிடிக்காதவர்கள் அதைக் கொஞ்சம் ஓவர் என்பார்கள். எனக்கும் முதல்முறை அப்படித்தான் இருந்தது.

இன்னொன்று, ஆங்கிலத் துணையுரையில் காணாமல் போவது. இருவரும் ஒருவரை ஒருவர் 'நீங்கள்' என்றுதான் அழைத்துக்கொள்கிறார்கள். இருபது வருடம் கழித்தும், ஒரே படுக்கையில் இருந்தும் 'நீங்கள்'தான். பிரெஞ்சில் 'நீ'யும் 'நீங்களும்' தனித்தனி. தமிழ்க் காதுக்கு இது சட்டென்று உறைக்கும், ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகப் போய்விடுகிறது. அந்த மரியாதைதான் அவர்கள் காதலின் உப்பு.

அவ்வளவு காதல் இருக்கும்போது யூஜெனி ஏன் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை?

சில இரவுகளில் யூஜெனியின் அறைக் கதவு திறந்திருக்கும், சில இரவுகளில் பூட்டியிருக்கும். தொதான் வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவியாகிவிட்டால் அந்தத் தாழ்ப்பாள் யூஜெனியின் கையில் இருக்காது.

இது வெறும் உணர்ச்சிக் காரணம் இல்லை. 1804-ன் நெப்போலியன் சட்டத்தொகுப்பு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவள் என்று எழுத்திலேயே சொன்னது. அந்த வரி 1938 வரை எடுக்கப்படவில்லை. மணமான பெண் தான் சம்பாதித்த கூலியைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1907-ல்தான் வந்தது. ஆக, 1880-களில் சமையல்காரியாக யூஜெனிக்குச் சம்பளமும் சாவியும் உண்டு. மனைவியாக இரண்டுமே சந்தேகம். படம் சட்டம் பேசவில்லை. ஆனால் யூஜெனியின் புன்னகைக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

விருந்துக்கு வந்த நண்பர்கள், நீங்களும் எங்களோடு வந்து உட்காருங்களேன் என்று கூப்பிடுவார்கள். நீங்கள் சாப்பிடுவதன் மூலமாக நான் உங்களோடு பேசிக்கொண்டுதானே இருக்கிறேன் என்பது யூஜெனியின் பதில். ஒதுக்கிவைக்கப்பட்டவரின் குரலாக அது இல்லை. தன் இடம் எது என்று அவரே தேர்ந்துகொண்டிருக்கிறார்.

படத்தில் நிஜமாகவே சமைத்தார்களா, அல்லது பூச்சு வேலையா?

நிஜம்தான். உணவுக்கு ஆலோசகர் பியர் கன்யேர், பிரான்சின் பெரிய சமையல் கலைஞர்களில் ஒருவர். இவருடைய சொந்தக் கதையே ஒரு படத்துக்கு ஆகும். சேன்ட்-எத்தியேன் ஊரில் நடத்திய உணவகத்துக்கு 1993-ல் மிஷெலின் உணவக வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் கிடைத்தது. 1996-ல் அந்த உணவகம் திவாலானது. பாரிசுக்குப் போய் மறுபடி ஆரம்பித்து, 1998-ல் மறுபடி மூன்று நட்சத்திரம் வாங்கினார். படப்பிடிப்புத் தளத்தில் கூடவே நின்று பக்குவம் பார்த்தவர் கன்யேரோடு நெடுங்காலம் வேலை செய்த மிஷெல் நாவ். கன்யேர் ஒரு காட்சியில் தலையும் காட்டுகிறார்: வெளிநாட்டு இளவரசரின் சமையல் அதிகாரியாக வந்து, முடிவே இல்லாத உணவுப் பட்டியலைக் கம்பீரமாக வாசிப்பவர் அவர்தான்.

படமெடுத்த இடம் அஞ்ஜூ பகுதியில் உள்ள ராகேன் மாளிகை. விறகடுப்பு, செம்புப் பாத்திரங்கள், சன்னல் வழியே விழும் வெயில். கலை இயக்கத்தை இயக்குநரின் மனைவி ட்ரான் நு யென் கே கவனித்தார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம். இருபது வருடம் சேர்ந்து வேலை செய்யும் ஒரு ஜோடியைப் பற்றி எடுக்க இவர்களுக்குத் தகுதி இருக்கிறது.

சுட்ட ஐஸ்கிரீம் எப்படி உருகாமல் இருக்கிறது?

நார்வே ஆம்லெட் என்று பெயர், ஆம்லெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கேக்கின் மேல் ஐஸ்கிரீம் வைத்து, அடித்து நுரைத்த முட்டை வெள்ளைக்கருவால் முழுக்க மூடி, நல்ல சூட்டில் சில நிமிடம் காட்டுவார்கள். வெளியே பொன்னிறமாகச் சிவக்கும், உள்ளே அப்படியே உறைந்திருக்கும். நுரைக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழ்கள் வெப்பத்தை உள்ளே விடாது. கம்பளிக்குள் குளிர் போகாதது மாதிரிதான், இங்கே திசை மட்டும் மாறியிருக்கிறது. அடியில் உள்ள கேக்கும் அதே வேலையைச் செய்கிறது. விருந்து மேசையில் நண்பர்கள் இதைப் பற்றி ரசித்துப் பேசிக்கொள்வார்கள்.

அதைவிட முக்கியம், சமையலறையில் போலினுக்கு ஒரு துண்டு கொடுக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு, அழுகையே வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை என்கிறாள். அதே சிறுமிக்குத் தொதான் ஒரு குழம்பைக் கொடுத்து, இதில் என்னென்ன இருக்கிறது சொல் என்று கேட்கும் காட்சியும் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவாள். பரம்பரையும் படிப்பும் இல்லாத நாக்கு, ஆனால் பிறவி நாக்கு. தொதானும் யூஜெனியும் பார்த்துக்கொள்ளும் பார்வையில் குழந்தை இல்லாத வீட்டுக்கு ஒரு வாரிசு வந்த மகிழ்ச்சி தெரியும்.

இளவரசர் விருந்துக்குப் பதிலாக வெறும் வேகவைத்த மாட்டிறைச்சியா? என்ன ஆணவம் இது?

படத்தில் சிரிப்பு வருகிற இடம் இதுதான். யூரேசிய இளவரசர் என்றொரு கற்பனைப் பிரமுகர் தொதானையும் நண்பர்களையும் அழைத்து எட்டு மணி நேரம் விருந்து வைக்கிறார். ஒன்றன் மேல் ஒன்றாக உணவு வந்து குவிகிறது. திரும்பி வந்த தொதானுக்கு அதில் திருப்தி இல்லை. ஒழுங்கும் இல்லை, மூச்சுவிட இடமும் இல்லை என்பதுதான் அவர் குறை. பதில் விருந்தின் நடுநாயகமாக அவர் தேர்ந்தெடுப்பது பொத்-ஓ-ஃபு. விவசாயி வீட்டு அடுப்பில் காலையில் ஏற்றிவிட்டு மறந்துபோகும் சாப்பாடு அது. பெரிய மனிதர் ஒருவரை விருந்துக்கு அழைத்துவிட்டுக் கூழ் ஊற்றினால் எப்படி இருக்கும், அப்படி.

ஆணவம்தான், ஆனால் அறிவுள்ள ஆணவம். மாட்டின் கால், தாடை, கழுத்துப் பக்கத்து மலிவான துண்டங்களைக் குளிர்ந்த நீரில் போட்டு, கொதிக்கவிடாமல், மேற்பரப்பு லேசாகச் சிரிக்கும் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் வைப்பார்கள். மலிவான துண்டத்தில்தான் நாரும் பசையும் அதிகம். அந்தப் பசை மெல்லக் கரைந்து சாற்றுக்கு உடம்பு கொடுக்கும். நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேரட், லீக், டர்னிப், கிராம்பு குத்திய வெங்காயம், மூலிகைக் கட்டு எல்லாம் அதனதன் நேரத்தில் சேரும். முதலில் சாறு தனியாக, பிறகு இறைச்சியும் காயும், கல்லுப்பும் கடுகு விழுதும் தொட்டுக்கொள்ள. எலும்பு மஜ்ஜையை ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது தனிச் சுகம். மறைக்க மசாலா கிடையாது, ஒப்பனை கிடையாது. தப்பு செய்தால் உடனே தெரியும். கைதேர்ந்த ஒருவருக்கு இதைவிடக் கடினமான தேர்வு இல்லை.

கொஞ்சம் வரலாறும் இதில் இருக்கிறது. 1833-ல் இறந்த கரேம், கட்டடம் போல உணவை அடுக்கிய யுகத்தின் அரசர். 1846-ல் பிறந்த எஸ்கோஃபியே அதைக் களைந்து எளிமையாக்கிச் சமையலறை நிர்வாகத்தையே மாற்றியவர். தொதானின் வீடு இந்த இருவருக்கும் நடுவில், காற்று திசைமாறும் நேரத்தில் நிற்கிறது. படத்திலும் இந்தப் பெயர்கள் பேச்சில் வரும்.

தலையில் துணியைப் போட்டுக்கொண்டு என்ன சாப்பிடுகிறார்கள்?

ஓர்த்தோலான் என்னும் சிறு குருவி. கூண்டில் அடைத்துக் கொழுக்கவைத்து, அர்மன்யாக் மதுவில் மூழ்கடித்து, முழுசாகச் சுட்டு எலும்போடு தின்பார்கள். மணம் வெளியே போகாமல் இருக்கத் துணி என்பார்கள். இந்தப் பாவத்தைக் கடவுள் பார்க்காமல் இருக்க என்றும் சொல்வார்கள். 1999-லிருந்து பிரான்சில் அந்தப் பறவை பாதுகாக்கப்பட்ட இனம். முன்னாள் அதிபர் மித்தரான் சாவதற்குச் சில நாள் முன்பு இதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார் என்று ஒரு கதை பிரான்சில் பிரபலம். படத்தில் பெரிய மனிதர்கள் எல்லோரும் வெள்ளை முக்காட்டோடு வரிசையாக உட்கார்ந்திருப்பது பக்தியாகவும் கேலிக்கூத்தாகவும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

தொதான் நிஜமாக வாழ்ந்தவரா?

இல்லை. ஜெனீவாவில் பிறந்த மார்செல் ரூஃப் 1924-ல் வெளியிட்ட நாவலின் நாயகன். 1825-ல் சுவையைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய பிரிய்யா-சவாரன் என்னும் நீதிபதியின் சாயல் அவரிடம் உண்டு. நாவலில் யூஜெனி தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறார்; கதை அதற்குப் பிறகு தொதான் புதிய சமையல்காரி தேடுவதைப் பற்றியது. ட்ரான் ஆன் ஹுங் நாவலுக்கு முந்தைய காலத்துக்குப் போய், அங்கே சில பக்கங்களில் மறைந்துபோன பெண்ணைத் தன் படத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். தழுவல் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் பெண்கள் இவ்வளவு உயர்ந்த சமையல் செய்தார்களா?

வீடுகளில் செய்தார்கள். அரண்மனை, பெரிய ஹோட்டல், கிளப் எல்லாம் ஆண்களின் கையில் இருந்தன; 'ஷெஃப்' என்ற பட்டமும் அவர்களுக்கே. வசதியான வீடுகளின் அடுப்பில் நின்றது பெரும்பாலும் பெண்கள்தான், பெயர் வரலாற்றில் ஏறவில்லை. பின்னால் லியோன் நகரத்தில் இப்படி வீட்டுச் சமையலிலிருந்து வந்த பெண்கள் உணவகம் திறந்து பெயர் வாங்கினார்கள். அவர்களில் பெரியவர் பெயரும் யூஜெனிதான்: யூஜெனி பிராசியே. 1933-ல் இரண்டு உணவகங்களுக்குத் தலா மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்றவர். அவர் கைப்பக்குவத்தில் புகழ்பெற்றது எது தெரியுமா? மேலே சொன்ன 'அரைத் துக்க'க் கோழி.

பினோஷும் மஜிமெலும் நிஜத்திலும் ஜோடியா?

இருந்தார்கள். 1999-ல் வந்த ஒரு படத்தில் சேர்ந்து நடித்தார்கள், ஒரு மகள் உண்டு, பிறகு பிரிந்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் கழித்து இந்தப் படத்தில் மறுபடி சேர்ந்து நடிக்கிறார்கள். அது தெரியாமல் பார்த்தாலும் படம் நிற்கும். தெரிந்து பார்த்தால் சில பார்வைகள் கொஞ்சம் கனமாக விழும்.

பின்னணி இசை ஏன் இல்லை?

இருக்கிறதே: வெண்ணெய் பொரிவது, கத்தி பலகையில் படுவது, கரண்டி செம்பில் உரசுவது, வெளியே பறவைகள். வயலின் வைத்திருந்தால் இதெல்லாம் கேட்டிருக்காது. முடிவில் பெயர்கள் ஓடும்போதுதான் பிரெஞ்சு இசையமைப்பாளர் மாஸ்னேயின் ஓபெரா ஒன்றிலிருந்து 'தியானம்' என்ற பகுதி பியானோவில் வருகிறது.

ஆஸ்கர் சர்ச்சை என்றார்களே?

அந்த வருடம் கானில் முதல் பரிசான தங்கப் பனையை வென்றது இன்னொரு பிரெஞ்சுப் படம், 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்'. அதை விட்டுவிட்டு பிரான்ஸ் இந்தப் படத்தை ஆஸ்கருக்கு அனுப்பியது. அந்தப் படத்தின் இயக்குநர் கான் மேடையில் அரசாங்கத்தைக் கண்டித்துப் பேசியதுதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. இந்தப் படம் 15 படங்களின் குறும்பட்டியல் வரை போனது, இறுதிப் பட்டியலில் இல்லை. வேறு பிரிவுகளில் போட்டியிட்ட அந்தப் படம் திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கிவிட்டது. பாவம், யாரும் கேட்காமலே இந்தப் படம் ஒரு சண்டைக்குள் இழுக்கப்பட்டது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பார்க்கலாமா?

எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வி வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்: உயிருள்ள நன்னீர் இறால், கோழிக் கொண்டை, மாட்டு எலும்பு, மேலே சொன்ன குருவி எல்லாம் நெருக்கத்தில் வரும். ரத்தம் தெறிக்கும் காட்சி என்று எதுவும் இல்லை. சைவக்காரரான என் நண்பர் ஒருவர், "என்ன சமைக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்தேன்" என்றார். அப்படிப் பார்க்க முடிந்தால் பாருங்கள். முடியாதவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். பசியோடு பார்க்கக் கூடாது என்பது எல்லாருக்கும் பொது.

வீட்டில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?

வொல்-ஓ-வான், டர்பட் பக்கமெல்லாம் போகாதீர்கள். தெளிந்த சாறு முயலலாம். நான் கோழி எலும்புச் சாற்றில் முயன்றேன். முதல்முறை, வெள்ளைக்கரு மேலே திரண்டு வந்ததும் சும்மா இருக்க முடியாமல் கரண்டியை விட்டுக் கிளறினேன். மிதவை உடைந்து, சாறு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் முறை கையைக் கட்டிக்கொண்டேன். சாறு ஆறிய பிறகு, ஒரு லிட்டருக்கு இரண்டு வெள்ளைக்கருவை லேசாக அடித்துச் சேர்த்து, சூடேறும் வரை மட்டும் கிளறி, மிதவை திரள ஆரம்பித்ததும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். சின்னத் தீயில் அரை மணி நேரம். மிதவையின் ஓரத்தில் சின்னத் துளை விட்டு, அதன் வழியே சாற்றை மொண்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் இருக்கும் பூ வேலைப்பாடு தெரியும் அளவுக்குத் தெளிந்த கிண்ணத்தைப் பார்த்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் மிளகுத்தூள் கேட்டார்.

இதுபோல வேறு படங்கள்?

மூன்று சொல்கிறேன். 'பபெத்தின் விருந்து' (1987), டென்மார்க் படம். பாரிசின் புகழ்பெற்ற உணவகத்தில் சமைத்த ஒரு பெண், ஜட்லாந்துக் கடற்கரைக் கிராமத்துப் பக்திமான்களுக்குத் தன் லாட்டரிப் பணமான 10,000 பிராங்கையும் கொட்டி ஒரே ஒரு விருந்து வைக்கிறார். வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. மூன்றில் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. 'வத்தேல்' (2000), 1671-ல் பதினான்காம் லூயிக்கு ஷாந்தியி மாளிகையில் நடந்த விருந்து. மீன் வந்து சேரவில்லை என்று உயிரை மாய்த்துக்கொண்ட வத்தேலின் கதை, நிஜமாக நடந்தது. ஆடம்பரம் நிறைய, மனசு குறைவு. 'தெலிசியூ' (2021), பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன், பிரபு வீட்டிலிருந்து துரத்தப்பட்ட சமையல்காரர் ஒரு பெண்ணோடு சேர்ந்து எல்லாருக்குமான உணவகம் திறக்கிறார். வரலாற்றை நம்பிப் பார்க்க வேண்டாம், பொழுது நன்றாகப் போகும்.

முடிவு எனக்குச் சரியாகப் புரியவில்லை. கடைசிக் காட்சி கனவா? (முடிவு தெரியக் கூடாதவர்கள் இங்கே நிறுத்தவும்)

யூஜெனி கடைசியில் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறார். ஆனால் அதன் பிறகு அதிக காலம் இல்லை. ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. தொதான் சாப்பாட்டையே வெறுத்துக் கிடக்கிறார். நண்பர்கள் புதிய சமையல்காரிகளைக் கொண்டுவந்து சோதிக்கிறார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. ஒருநாள் நண்பர் கொண்டுவந்த ஒரு உணவை வாயில் வைத்ததும் முகம் மாறுகிறது. யார் சமைத்தது என்று தேடிப் போலினையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

அந்த இடத்தில் ஆளில்லாத சமையலறையைக் கேமரா மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. சுற்றி வருவதற்குள் வெளிச்சம் மாறுகிறது, பருவம் மாறுகிறது. பார்த்தால் யூஜெனியும் தொதானும் பழையபடி மேசையருகே உட்கார்ந்திருக்கிறார்கள். கனவு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பழைய நாள் ஒன்றுதான், அந்த அறை நினைத்துப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

யூஜெனி கேட்கிறார்: நான் உங்களுக்குச் சமையல்காரியா, மனைவியா? தொதான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் சமையல்காரி" என்கிறார்.

இந்தப் பதிலைக் கேட்டு என் பக்கத்தில் இருந்தவர் "அடப்பாவி" என்றார். நிறையப் பேருக்கு இங்கேதான் சந்தேகம் வருகிறது. யூஜெனியின் முகத்தைப் பாருங்கள். மனைவி என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் ஒரு கையெழுத்தில் ஆக்கிவிடலாம். யூஜெனி இருபது வருடமாக அடுப்பங்கரையில் நின்று சம்பாதித்த பெயர் மற்றது. அவர் நன்றி சொல்கிறார், தொதான் இன்னொரு வாய் எடுத்துக்கொள்கிறார்.